மார்பகத்தைக் காக்கும் மாத்திரை கருப்பையை ஏன் சீண்டுகிறது? ஒரு நீண்ட இழை

1/
"டாக்டர், ஒரு கேன்சருக்குக் குடுத்த மாத்திரை இன்னொரு கேன்சரைக் கொண்டு வருமாமே? பையன் போன்ல பார்த்துச் சொன்னான். நிறுத்திடட்டுமா?"

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் பெண்கள் கேட்கும் கேள்வி இது. சில பேர் கேட்கிறார்கள். சில பேர் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பயம் அந்த இரண்டாவது வகையினரை நினைத்துத்தான்.

பையன் படித்தது பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதையைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

2/
முதலில் கருப்பை. அதன் உள்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பெயர் எண்டோமெட்ரியம். மாதாமாதம் வளர்ந்து, பக்குவப்பட்டு, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தமாக வெளியேறுவது இதுதான்.

"வளர்" என்று சொல்வது ஈஸ்ட்ரோஜன். "வளர்ந்தது போதும், பக்குவப்படு" என்று சொல்வது புரொஜெஸ்டிரோன். வயலுக்குச் சொன்னால், ஈஸ்ட்ரோஜன் மடையைத் திறந்துவிடுகிறது, புரொஜெஸ்டிரோன் மடையை அடைக்கிறது. திறந்த மடையை யாருமே அடைக்காவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

3/
1923. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற இரண்டு பேர் பன்றியின் சினைப்பையிலிருந்து நீரை எடுத்து, சினைப்பை அகற்றப்பட்ட எலிகளுக்கு ஊசி போட்டார்கள். சினைப்பையே இல்லாத எலிகளுக்கு இனப்பருவ மாற்றங்கள் வந்தன. அந்த நீரில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று உறுதியானது.

1929-இல் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து அந்தப் பொருளில் ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தார்கள். அதுதான் ஈஸ்ட்ரோன். அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்ட்டும் தனித்தனியாகச் செய்த வேலை.

4/
ஹார்மோன் கிடைத்தாயிற்று. அடுத்து மாத்திரை. 1942-இல் அமெரிக்காவில் பிரெமாரின் விற்பனைக்கு வந்தது. 'கர்ப்பமான பெண் குதிரையின் சிறுநீர்' என்ற ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிய பெயர் அது. உண்மையிலேயே அதிலிருந்துதான் எடுத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் உடல் அனல், வியர்வை, தூக்கமின்மைக்கு நன்றாகவே வேலை செய்தது.

1947-இலேயே நியூயார்க்கைச் சேர்ந்த சால் கஸ்பெர்க் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். ஈஸ்ட்ரோஜன் தொடர்ந்து பட்டால் எண்டோமெட்ரியம் அளவுக்கு மீறித் தடிக்கிறது, அந்தத் தடிப்பு புற்றுநோய்க்கு முந்தைய படியாக இருக்கலாம் என்றார். மாத்திரை விற்பனை அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை.

5/
ஈஸ்ட்ரோஜன் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது 1950-களில் கூட யாருக்கும் தெரியாது. அது ஏதோ ஒரு என்சைமோடு சேர்ந்து, தானே வேதிமாற்றம் அடைந்து, அந்த வழியில்தான் செல்லுக்குச் சக்தி தருகிறது என்பது அன்றைய பெரியவர்கள் கட்சி.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்று ஒருவர். படித்தது வேதியியல். அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். "ஹார்மோன் திசுவை என்ன செய்கிறது என்றே எல்லாரும் பார்க்கிறோம். திசு ஹார்மோனை என்ன செய்கிறது என்று பார்த்தால் என்ன?"

6/
ஜென்சன் இளவயதில் ஆய்வுக்காக ஸ்விட்சர்லாந்து போனபோது மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறியவர். அந்த மலையில் முதலில் ஏறிய எட்வர்ட் விம்ப்பர், இத்தாலிப் பக்கமிருந்து திரும்பத் திரும்ப முயன்று தோற்றவர். 1865-இல் ஸ்விஸ் பக்கம் போய் ஏறி ஜெயித்தார். எல்லாரும் போகும் வழி அடைத்திருந்தால் மறுபக்கம் சுற்றிப் போ என்ற பாடம் அங்கே கிடைத்ததாக ஜென்சன் பிற்காலத்தில் சொல்வார்.

7/
கூட்டாளி ஹெர்பர்ட் ஜேக்கப்சனோடு சேர்ந்து எஸ்ட்ராடியாலில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றினார். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பது மாதிரி. இனி அந்த ஹார்மோன் உடம்பில் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பருவம் வராத பெண் எலிகளுக்கு அதை ஊசி போட்டார்கள். ரத்தம் வழியாக எல்லா உறுப்புக்கும் போனது. கல்லீரல், தசை எல்லாம் அதைக் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டன. கருப்பை மட்டும் விடவில்லை. மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. இன்னொரு விசயம், பிடித்து வைத்த ஹார்மோன் எந்த வேதிமாற்றமும் இல்லாமல் அப்படியே இருந்தது.

அப்படியென்றால் கருப்பைச் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர். தமிழில் ஏற்பி.

8/
1958-இல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் இதைச் சொன்னார். கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் அதே அமர்வில் பேச வந்தவர்கள்! அதே நேரத்தில் பழைய என்சைம் கொள்கையைப் பேசிய அரங்கில் கூட்டம் அலைமோதியது.

1966-இல் டேவிட் டாஃப்ட், ஜாக் கோர்ஸ்கி என்ற இருவர் எலியின் கருப்பையிலிருந்து அந்த ஏற்பிப் புரதத்தைப் பிரித்தே காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மறுத்துப் பேச இடம் இல்லை. 2004-இல் ஜென்சனுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 2012-இல், தன் 92-ஆவது வயதில் காலமானார்.

9/
இந்தக் கண்டுபிடிப்பு நோயாளிக்கு என்ன தந்தது?

மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்குச் சினைப்பையை எடுத்தால் சிலருக்குக் கட்டி சுருங்கும் என்பதை 1896-இலேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் காட்டியிருந்தார். பிறகு அட்ரினல் சுரப்பியையும் எடுக்க ஆரம்பித்தார்கள். பெரிய ஆபரேஷன். ஆனால் பலன் கிடைத்தது சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான். யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மீதிப் பேர் வலியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

1970-களின் தொடக்கத்தில் ஜென்சன் அதற்கு வழி சொன்னார். கட்டியில் ஏற்பி இருந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பெண்ணை வீணாக அறுக்காதீர்கள். இன்றைக்கு பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'இ.ஆர். பாசிட்டிவ்' என்று வருகிறதே, அதன் பிறப்பு இதுதான்.

10/
இப்போது மாத்திரைக்கு வருவோம்.

1962, இங்கிலாந்து. ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் ஒரு மூலக்கூறை உருவாக்கினார். ஐ.சி.ஐ. 46,474 என்று எண். ஆர்தர் வால்போல் தலைமையிலான குழு தேடியது கேன்சர் மருந்தை இல்லை, கருத்தடை மாத்திரையை. எலிகளில் கர்ப்பத்தை அழகாகத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் கருமுட்டை வெளியாவதைத் தூண்டியது! கருத்தடைக்குக் கொடுத்தால் குழந்தை பிறக்க வழி செய்கிறது. அத்தோடு மூட்டை கட்டியிருக்க வேண்டிய மருந்து.

11/
வால்போல் விடவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனை உள்ளே விடாமல் தடுக்கும் மருந்து, மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுமே என்பது அவர் எண்ணம்.

1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் என்ற மருத்துவர், நோய் முற்றிய 46 பெண்களுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். 10 பேருக்குப் பலன். அன்றிருந்த மற்ற ஹார்மோன் சிகிச்சைகளை விடப் பக்கவிளைவு குறைவு. 1973-இல் பிரிட்டனிலும் 1977-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. இதுதான் டமாக்சிஃபென்.

12/
இந்தப் பக்கம் இது நடக்கும்போது, அந்தப் பக்கம் கருப்பையின் கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மெனோபாஸ் என்பதே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் என்றும் இளமை என்ற பாணியில் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'ஃபெமினின் ஃபாரெவர்'. சக்கைப்போடு போட்டது. லட்சக்கணக்கான பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும், வருடக்கணக்கில் சாப்பிட்டார்கள். மடை திறந்தே கிடந்தது. அடைக்கப் புரொஜெஸ்டிரோன் இல்லை.

13/
1975 டிசம்பர் 4. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரே நாளில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன.

ஒன்று சியாட்டிலிலிருந்து. எண்டோமெட்ரியல் புற்றுநோய் வந்த 317 பேரை, வேறு மகளிர் புற்றுநோய் வந்த 317 பேரோடு ஒப்பிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 4.5 மடங்கு. இன்னொன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து. அதில் 7.6 மடங்கு.

இரண்டு ஊர், இரண்டு குழு, ஒரே பதில். மருந்துச்சீட்டுகள் குறைந்தன. அடுத்த சில வருடங்களில் எண்டோமெட்ரியல் புற்றுநோயும் குறைந்தது. காரணம் இதுதான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

14/
அதிலிருந்துதான் ஒரு விதி வந்தது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் கொடுக்க வேண்டும். புரொஜெஸ்டிரோன் எண்டோமெட்ரியச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. எஸ்ட்ராடியாலை வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் என்சைமையும் கூட்டுகிறது. மடை அடைப்பது என்று சொன்னேனே, இப்படித்தான்.

1961-லேயே பாஸ்டனில் ரீட்டா கெல்லி, வில்லியம் பேக்கர் என்ற இருவர், பரவிவிட்ட எண்டோமெட்ரியல் புற்றுநோய் உள்ள 21 பேருக்குப் புரொஜெஸ்டிரோன் வகை மருந்து கொடுத்து 6 பேருக்குக் கட்டி சுருங்கியதைக் காட்டியிருந்தார்கள்.

15/
"நான் எந்த ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடலையே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும். ஆனால் உடம்புக் கொழுப்பு ஓயாது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனைக் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோனாக மாற்றிக்கொண்டே இருக்கும். உடல் பருமனுக்கும் எண்டோமெட்ரியல் புற்றுநோய்க்கும் உள்ள நெருக்கமான உறவுக்கு இது முக்கியக் காரணம். பி.சி.ஓ.எஸ். இருந்து மாதக்கணக்கில் மாதவிடாய் வராத பெண்களுக்கும் இதே சிக்கல்தான். முட்டை வெளியாகாவிட்டால் புரொஜெஸ்டிரோன் சுரக்காது.

16/
சரி, இப்போது யோசிங்க. ஈஸ்ட்ரோஜன் கருப்பைப் புற்றுநோயை வளர்க்கிறது. டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. அப்படியென்றால் டமாக்சிஃபென் கருப்பையையும் காப்பாற்ற வேண்டும்தானே?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. விடைதான் தப்பு.

ஒரு துப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. இந்த மருந்து எலியில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரி. சுண்டெலியில் அதுவே ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொண்டது. இடத்துக்கு இடம் குணம் மாறும் மருந்து.

17/
1984-இல் பென்சில்வேனியாவில் சத்யஸ்வரூப் குழுவினர், மனித எண்டோமெட்ரியல் கட்டியை எதிர்ப்புசக்தி இல்லாத சுண்டெலிகளில் வளர்த்து டமாக்சிஃபென் கொடுத்தார்கள். கட்டி வளர்ந்தது.

1988-இல் கிரேக் ஜோர்டன் குழு, அதே சத்யஸ்வரூப்போடு சேர்ந்து, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பரிசோதனையைச் செய்தது. ஒரே சுண்டெலியின் உடம்பில் இரண்டு மனிதக் கட்டிகள். ஒன்று மார்பகப் புற்றுநோய், இன்னொன்று எண்டோமெட்ரியல் புற்றுநோய். மார்பகச் செல்கள் 1970-இல் மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து எடுக்கப்பட்டவை. இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் அவை வளர்கின்றன.

அந்தச் சுண்டெலிக்கு டமாக்சிஃபென் கொடுத்தார்கள். மார்பகக் கட்டி அடங்கியது. எண்டோமெட்ரியல் கட்டி வளர்ந்தது. அதே ரத்தம், அதே மருந்து.

18/
சுண்டெலியில் நடந்தது பெண்களுக்கும் நடக்குமா? 1989-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து பதில் வந்தது. 'லான்செட்' இதழில் வெளியான அந்த ஆய்வில் மாதவிடாய் நின்ற 1,846 மார்பகப் புற்றுநோயாளிகள். டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களில் 13 பேருக்கு எண்டோமெட்ரியல் புற்றுநோய், சாப்பிடாதவர்களில் 2 பேருக்கு. அவர்களுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். இன்று வழக்கமாகக் கொடுப்பது 20.

1996-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டமாக்சிஃபெனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பையன் போனில் பார்த்தது இதைத்தான். ஆனால் அதே அறிக்கை, இன்னொரு மார்பகத்தில் புற்றுநோய் வராமல் இந்த மருந்து தடுக்கிறது என்பதற்கும் போதிய ஆதாரம் உண்டு என்றது. அந்த வரியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

19/
ஏன் இப்படி? விடை 1998-லும் 2002-லும் இரண்டு தவணையாக வந்தது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மூடி போட்ட ஒரு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளே போனால் மூடி ஒழுங்காக மூடிக்கொள்ளும். அந்த மூடியின் மேல் உதவிப் புரதங்கள் வந்து உட்காரும். அவை வந்தால்தான் "வளர்" என்ற கட்டளை மரபணுவுக்குப் போகும். டமாக்சிஃபெனுக்கு ஒரு நீளமான வால் உண்டு. அது உள்ளே போனால் வால் இடித்து மூடி சரியாக மூடாது, உதவிப் புரதங்கள் உட்காரும் இடத்தையே மூடி அடைத்துக்கொள்ளும். 1998-இல் இதைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள்.

2002-இல் பாஸ்டனில் யாங்ஃபெங் ஷாங், மைல்ஸ் பிரௌன் இருவரும் அடுத்த பாதியைக் காட்டினார்கள். எண்டோமெட்ரியச் செல்களில் எஸ்.ஆர்.சி.-1 என்ற உதவிப் புரதம் அதிகம். டமாக்சிஃபென் இருந்தும், சில மரபணுக்களில் அது வேறு வழியாக வந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. மார்பகச் செல்லில் அது குறைவு, அதனால் கட்டளை போகவில்லை.

சாவி ஒன்றுதான், பூட்டும் ஒன்றுதான். வீட்டுக்குள் இருக்கும் ஆட்கள்தான் வேறு.

20/
இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்தலாமா?

1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 13,388 பெண்கள். மார்பகப் புற்றுநோய் வராதவர்கள், ஆனால் வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். டமாக்சிஃபென் எடுத்தவர்களில் எண்டோமெட்ரியல் புற்றுநோய் ஆண்டுக்கு 1,000 பேரில் 2.3. எடுக்காதவர்களில் 0.9. கூடுதல் ஆபத்து பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு. டமாக்சிஃபென் எடுத்தவர்களுக்கு வந்த கருப்பைப் புற்றுநோய்கள் அந்த அறிக்கையில் எல்லாமே முதல் நிலையிலேயே பிடிபட்டவை.

தராசின் மறுதட்டு: ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து வருடம் ஒழுங்காக டமாக்சிஃபென் எடுத்தால், அடுத்த 15 வருடங்களில் அந்தப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது.

அதனால் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு இதைச் சாப்பிடும் பெரும்பாலான பெண்களுக்குத் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

21/
மாற்று வழியும் வந்திருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு, கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பதையே நிறுத்தும் அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்ற மருந்துகள் உள்ளன. அவை கருப்பையைச் சீண்டுவதில்லை, ஆனால் எலும்பைத் தேய்க்கும். யாருக்கு எது என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் புற்றுநோய் மருத்துவர்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா எண்டோமெட்ரியல் புற்றுநோயும் ஈஸ்ட்ரோஜனால் வருவதில்லை. 1983-இல் லெனின்கிராடில் யான் போக்மன் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்தது ஒன்று, சாராதது மற்றொன்று. இரண்டாவது வகை குறைவு, ஆனால் மூர்க்கமானது. ஒல்லியாக இருப்பவருக்கும் வரலாம். "எனக்கு உடம்பு போடலையே" என்று அலட்சியம் வேண்டாம்.

22/
செய்ய வேண்டியது என்ன?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், டமாக்சிஃபென் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், உடனே மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் உள்படலத்தில் துளி எடுத்து பயாப்ஸி செய்வார்கள். மாதவிடாய் நிற்காதவர்கள், வழக்கத்துக்கு மாறாக அதிகம் போனாலோ இடையிடையே பட்டாலோ சொல்லுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் வருடா வருடம் பயந்து ஸ்கேன் எடுக்க வேண்டாம். டமாக்சிஃபெனே உள்சுவரைத் தடிப்பாகக் காட்டும். வீண் பயமும் வீண் பயாப்ஸியும்தான் மிச்சம்.

23/
கடைசியாக ஒன்று.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதில்லை. ரத்தத்தைக் காட்டி ஆரம்பத்திலேயே கதவைத் தட்டுகிறது. அப்போதே வந்தால் பெரும்பாலானவர்களை ஆபரேஷனிலேயே குணப்படுத்திவிடலாம். ஆனால் நம் அம்மாக்கள் என்ன சொல்கிறார்கள்? "உடம்பு சூடு." "வெயில் காலம்ல." "இந்த வயசுல இதைப் போய் யார்கிட்ட சொல்றது, அசிங்கமா இருக்கு." இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும்.

வியன்னாவில் ஐந்து பேர் கேட்ட ஒரு பேச்சு, இன்று எத்தனையோ லட்சம் பெண்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் ஒரு அம்மா வாயைத் திறந்து சொன்னால் கேட்க ஒரு ஆள் போதும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், அத்தையிடம், பாட்டியிடம் நீங்களே கேளுங்கள். ஆண்பிள்ளை கேட்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.